நீர் காட்டும் வழி

நுழையும்முன்

ஊர்களை இணைக்கும் தார்ச்சாலைகளுக்கு அப்பால், உழவரும் ஆயரும் வணிகரும் நடந்து நடந்து உருவாக்கிய மண்தடங்கள் ஒவ்வோர் ஊரைச் சுற்றியும் பின்னிக் கிடக்கின்றன. மிதிவண்டியில் அத்தடங்களைத் தேடிச் செல்பவர், தம் நிலத்தின் மேடுபள்ளத்தையும் நீரோட்டத்தையும் வரலாற்றையும் ஒருசேரக் கற்கிறார். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளிலும் குன்றடிவாரங்களிலும் பெற்ற பட்டறிவை இக்கட்டுரை பகிர்ந்துகொள்கிறது.

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு நீர் ஓடும் ஆறு என்பது ஒரு பொருள். வழி என்பது மற்றொரு பொருள். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் பெயர் இவற்றுள் இரண்டாவது பொருளில் அமைந்தது. பள்ளி நாள்களில் இதனைத் தேர்வுக்காகப் படித்தேன். மிதிவண்டியில் மண்தடங்களைத் தேடிச் செல்லத் தொடங்கிய பிறகே இவ்விரு பொருள்களும் எத்துணை நெருங்கியவை என்பது விளங்கிற்று. நம் நிலத்தில் நீர் போன வழியே மனிதரும் போயிருக்கின்றனர். மனிதர் போன வழியே மிதிவண்டியும் போகலாம்.

மலையில் பிறந்த விளையாட்டு

மண்தடங்களிலும் மலைச்சரிவுகளிலும் மிதிவண்டி ஓட்டுவது இன்று உலகறிந்த விளையாட்டு. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மேரின் வட்டாரத்தில் இளைஞர் சிலர், அகலமான சக்கரங்கள் கொண்ட பழைய கனத்த மிதிவண்டிகளை மலைமேல் கொண்டுசென்று சரிவில் இறக்கி மகிழ்ந்தனர். 1976-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு போட்டியையே தொடங்கினர். செங்குத்தான சரிவில் இறங்கும்போது பின்சக்கர நிறுத்தியில் உள்ள உயவுப்பசை சூடேறிப் புகைந்துவிடும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் பசையை மீண்டும் அடைக்க வேண்டும். ‘மீண்டும் அடைத்தல்’ என்னும் பொருள்படும் ‘ரீபேக்’ என்பதே அப்போட்டியின் பெயராயிற்று. அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-இல் மலைத்தடத்திற்கென்றே ஒரு மிதிவண்டியை வடிவமைத்தார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைமிதிவண்டிப் போட்டி இடம்பெற்றது.

இவ்வரலாற்றைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் பெருமிதமும் ஒருங்கே தோன்றின. நம் ஊர்களில் பாற்காரரும் புல்லுக்கட்டுச் சுமப்பவரும் கனத்த மிதிவண்டிகளைக் கண்மாய்க் கரைமேலும் வரப்போரத்திலும் நெடுங்காலமாக ஓட்டிவருகின்றனர். இருபுறமும் பாற்கேன்கள் தொங்க, ஈரக்கரையில் சறுக்காமல் செல்லும் அவர்தம் திறனுக்கு எவரும் பதக்கம் அளித்ததில்லை. மண்தடத்தில் மிதிவண்டி ஓட்டுவதை நாம் வெளியிலிருந்து கற்க வேண்டியதில்லை. பிழைப்புக்காகச் செய்ததைக் களிப்புக்காகவும் செய்யலாம் என்னும் எண்ணம் மட்டுமே புதிது.

கரையே முதற்பள்ளி

மலைமிதிவண்டி என்றதும் கொடைக்கானலும் உதகையுமே பலருடைய நினைவுக்கு வரும். பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு அத்துணைத் தொலைவு தேவையில்லை. வீட்டிலிருந்து மிதித்தே சென்று, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றி, காலையுணவுக்குத் திரும்பிவிடக் கூடிய தடமே நல்ல தடம். ஆண்டுக்கு ஒருமுறை காணும் மலையைவிட, வாரந்தோறும் செல்லும் கரையே நமக்கு மிகுதியாகக் கற்றுத்தரும்.

புதிதாகத் தொடங்குபவருக்குக் கண்மாய்க் கரையைவிடச் சிறந்த தடம் இல்லை. இதற்குக் காரணம் உண்டு. தேங்கிய நீரின் மேற்பரப்பு எங்கும் ஒரே மட்டத்தில் இருக்கும். அந்நீரைத் தாங்கும் கரையின் தலைப்பும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். ஓரிடத்தில் தாழ்ந்தாலும் நீர் அவ்வழியே உடைத்துக்கொண்டு போய்விடும். எனவே கரைமேல் செல்பவருக்கு ஏற்றமும் இறக்கமும் மிகக் குறைவு. மண்ணின் மட்டத்தை அளந்து அறிந்த முன்னோரின் உழைப்பு, இன்று நம் முழங்கால்களுக்கு ஓய்வு தருகிறது.

கரை நெடுக வரிசையாக நிற்கும் பனைகள் மண்ணை இறுகப் பிடித்திருக்கும். ஒருபுறம் நீர், மறுபுறம் பத்தடி தாழ்வில் நெல்வயல். இடையிடையே மடைகள் வரும். மிகுநீர் வெளியேறும் கலுங்கு வரும். கலுங்கின் கற்கட்டில் மிதிவண்டியைத் தோளில் தூக்கிக் கடக்க நேரும். அவ்விடத்தில் சற்று நின்றால், வெளியேறும் நீர் எங்கே போகிறது என்ற வினா எழும். அந்த வினாதான் அடுத்த தடத்தைக் காட்டும்.

கண்மாயிலிருந்து கண்மாய்க்கு

பாண்டி நாட்டுக் கண்மாய்கள் பலவும் தனித்து நிற்பவை அல்ல. மேட்டில் உள்ள கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே வழியும் நீர், ஓடையாகச் சென்று அடுத்த கண்மாயை நிறைக்கும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இவ்வாறு சங்கிலித்தொடராக அமைந்த கண்மாய்களின் இடையே, நீரைப் பின்பற்றி மனிதரும் மாடுகளும் நடந்த தடங்கள் இருக்கும். கோடையில் ஓடை வறண்டிருக்கும்போது அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டு மேற்கண்மாயிலிருந்து கீழ்க்கண்மாய்க்குச் சென்றால், மிதிக்காமலே வண்டி உருளும் அளவுக்கு மென்மையான இறக்கம் கிடைக்கும். நீருக்கு வலிக்காத சரிவு நமக்கும் வலிக்காது.

மேலூர்ப் பகுதியில் இதற்குத் துணையாகப் பெரியாற்றுப் பாசனக் கால்வாய்கள் உள்ளன. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை பயன்பாட்டுக்கு வந்ததன் பயனாக, மேற்கு நோக்கிப் பாய்ந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டது. அந்நீரைச் சுமக்கும் கால்வாய்களும் மட்டம் பார்த்து வெட்டப்பட்டவையே. கால்வாய்க் கரையில் ஓட்டும்போது, நிலத்தின் சம உயரக்கோட்டின்மேலேயே நம் சக்கரம் உருள்கிறது எனலாம்.

தாளில் தெரியும் தடம்

வீட்டை விட்டுக் கிளம்புமுன் வரைபடத்தில் தடம் தேடுவது எனக்கு மிகவும் விருப்பமான பணி. 1767-இல் நிறுவப்பட்ட இந்திய நில அளவைத்துறை வெளியிடும் இடவிளக்கப் படங்கள் இதற்குப் பெரிதும் உதவும். புவியியல் பாடத்தில் நீங்கள் அவற்றைக் கண்டிருப்பீர்கள். 1:50,000 அளவுத் திட்டத்தில் அமைந்த படத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் ஒரு கிலோமீட்டர். சம உயரக்கோடுகள் இரண்டிற்கு இடையிலான உயர வேறுபாடு 20 மீட்டர். வண்டிப்பாதைகளும் ஒற்றையடிப்பாதைகளும் உடைந்த கோடுகளாகக் காட்டப்பட்டிருக்கும்.

ஒரு சிறு கணக்குப் போட்டால் தடத்தின் கடுமை தெரிந்துவிடும். பாதையின்மேல் அடுத்தடுத்த இரு சம உயரக்கோடுகளுக்கு இடையே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், 500 மீட்டர் தொலைவில் 20 மீட்டர் ஏறுகிறோம். அது நான்கு விழுக்காட்டுச் சரிவு. பேசிக்கொண்டே ஏறலாம். இடைவெளி நான்கு மில்லிமீட்டராகச் சுருங்கினால் பத்து விழுக்காடு. பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்கும். இரண்டு மில்லிமீட்டர் என்றால் இருபது விழுக்காடு. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதே அறிவுடைமை.

இன்று கைப்பேசியில் செயற்கைக்கோள் படங்களும் கிடைக்கின்றன. பச்சை வயல்களுக்கு நடுவே வெளிறிய கோடாகத் தெரிவது பெரும்பாலும் மண்தடம். ஆயினும் மேலிருந்து எடுத்த படம், மரநிழலில் மறைந்த வேலியையும் இடிந்த பாலத்தையும் காட்டாது. எந்தப் படமும் தடத்தின் பெயரைத்தான் சொல்லும். அதன் குணத்தை அறிய, அதில் நாள்தோறும் நடப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

வழி சொல்வோர்

நாகமலையின் அடிவாரத்தில் ஒருநாள் இரண்டு தடங்கள் பிரிந்தன. இரண்டும் மலையைச் சுற்றிச் செல்வனபோலவே தோன்றின. ஆடுமாடுகளை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், “ஐயா, இதுல எந்தத் தடம் அந்தப் பக்கம் போகும்?” என்று கேட்டேன். அவர் என் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

“ரெண்டுமே போகும் தம்பி. ஆனா இது வெள்ளாடு ஏறுன தடம், வண்டி ஏறாது. அந்தா அது மாட்டுத் தடம். மாடு தன் வயித்தையும் சொமந்துக்கிட்டு எறங்கணுமில்ல? பள்ளம் பாத்துத்தான் கால வைக்கும். அதப் புடிச்சே போங்க.”

தடம் அமைக்கும் கலையைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களுள் இதனினும் தெளிவானதொன்று இல்லை. மலைமிதிவண்டித் தடம் அமைப்போர் பின்பற்றும் விதிகளுள் ஒன்று, தடத்தின் சராசரிச் சரிவு பத்து விழுக்காட்டை மிஞ்சலாகாது என்பது. மலைச்சரிவின் பாதியளவுக்குமேல் தடத்தின் சரிவு இருக்கலாகாது என்பது மற்றொன்று. மிஞ்சினால் மழைநீர் தடத்தின் வழியே பாய்ந்து மண்ணை அரித்துவிடும். சரிவைக் குறுக்காக அணைந்து வளைந்து வளைந்து இறங்கும் மாடு, இவ்விதிகளை ஏட்டில் படிக்காமலே கடைப்பிடிக்கிறது. அதை நாள்தோறும் பார்த்துவரும் பெரியவர், அவற்றை ஒரே வாக்கில் சொல்லிவிட்டார்.

வழி அறிந்தவர் வழி அறியாதவருக்குச் சொல்வது நம் இலக்கியத்தில் ஒரு மரபாகவே வளர்ந்திருக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். அவற்றுள் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு அந்நூல் மலைவழியை எடுத்துரைக்கிறது. பன்றிகளுக்கு வைத்த பொறிகள் எங்கே, பாம்புகள் உறையும் இடம் எது, வழுக்கும் பாறைகளை எவ்வாறு கடப்பது, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்களுக்கு எவ்வாறு தப்புவது என்றெல்லாம் அது எச்சரிக்கிறது. இடரை மறைக்காமல் சொல்வதுதான் நல்ல வழிகாட்டலின் இலக்கணம். தேநீர்க்கடையிலும் கரையோரத்திலும் நான் வழி கேட்கும்போதெல்லாம், “போகலாம்” என்பவரைவிட, “போகலாம், ஆனால்…” என்று தொடங்குபவரையே நம்புகிறேன்.

தெரியுமா?

மலைமிதிவண்டித் தடங்களின் கடுமையைக் குறிக்கப் பல நாடுகளில் குறியீடுகள் வழங்குகின்றன. பச்சை வட்டம் எளிய தடத்தையும், நீலச் சதுரம் நடுத்தரத் தடத்தையும், கறுப்புச் சாய்சதுரம் கடினமான தடத்தையும் குறிக்கும்.

வணிகர் நடந்த குன்றடி

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் வெறும் கற்குவியல்கள் அல்ல. மாங்குளத்துக் குன்றில் நெடுஞ்செழியனின் பெயரைத் தாங்கிய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. 1882-இல் இராபர்ட் சுவெல் அவற்றைக் கண்டறிந்தார். வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரை அக்கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. அழகர்மலைக் கல்வெட்டுகளிலோ உப்பு வணிகர், கொழு வணிகர், பணித வணிகர் ஆகியோர் வருகின்றனர். கொழு என்பது கலப்பையின் இரும்பு முனை. பணிதம் என்பது வெல்லப்பாகு. சமண முனிவர்க்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்த இவர்கள் இக்குன்றுகளின் அருகே வந்துபோயிருக்கிறார்கள் என்றால், அவர்கள் வந்த வழியும் இங்கே எங்கோ இருந்திருக்க வேண்டும். செம்மண் தடத்தில் தனியே மிதித்துச் செல்லும்போது, உப்பு மூட்டை ஏற்றிய வண்டியொன்று முன்னே போவதாக எண்ணிக்கொள்வேன். ஏற்றம் சற்று எளிதாகும்.

கீழக்குயில்குடியில் சமணர்மலையின் அடியில் தாமரைக்குளமும் ஆலமர நிழலும் உண்டு. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. அவ்விடங்களுக்கு நடந்தே ஏற வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன்னர் உளிபட்ட பாறையில் நம் சக்கரம் படலாகாது. வண்டியைக் கீழே நிறுத்திவிட்டுச் செல்லத் தெரிவதும் இவ்விளையாட்டின் ஒரு பகுதி.

மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டி, 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. குன்றுகளும் சுனைகளும் நீர்நிலைகளும் நிறைந்த அவ்வூரில் லகர் வல்லூறு முதலிய வேட்டைப்பறவைகள் வாழ்கின்றன. பறவைகள் கூடு கட்டும் பாறை முகட்டைக் கண்டால், ஊர்ப்பாதையை விட்டு விலகாமல், குரலைத் தாழ்த்திக் கடந்துசெல்வதே முறை. காப்புக்காடுகளுக்குள் வனத்துறையின் இசைவின்றி நுழைவதோ சட்டப்படி குற்றம். அங்கே எத்துணை அழகிய தடம் இருந்தாலும் அது நமக்குரியதன்று.

மண்ணும் மழையும்

தடம் ஒன்றேயாயினும் பருவந்தோறும் அதன் தன்மை மாறும். செம்மண் காய்ந்திருக்கையில் உறுதியாக நின்று சக்கரத்தைத் தாங்கும். கரிசல் மழை பெய்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு நகரவிடாது. மணலில் சக்கரம் புதையும். காற்றைச் சற்றுக் குறைத்தால் சக்கரம் அகன்று படிந்து மிதந்து செல்லும். சரளையில் முன்சக்கர நிறுத்தியைத் திடீரென அழுத்தினால் வண்டி சறுக்கும். இரு நிறுத்திகளையும் மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். இறக்கத்தில் இரு மிதிகளும் சம உயரத்தில் இருக்க, உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, கண்ணை முன்னே பத்தடி தொலைவில் வைக்க வேண்டும். தடையாகக் கிடக்கும் கல்லையே உற்றுப் பார்த்தால் சக்கரமும் அதன்மேலேயே போய் ஏறும். போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் அவ்விடம் சேரும். இது மிதிவண்டிக்கு மட்டும் பொருந்தும் உண்மையன்று.

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் நிறையும் நாள்களில் நான் கரைமேல் ஓட்டுவதில்லை. ஈரக்கரையில் சக்கரம் பதித்த பள்ளத்தில் நீர் தேங்கும். தேங்கிய நீர் ஓடத் தொடங்கினால் கரையை அறுக்கும். நம் ஒருநாள் மகிழ்ச்சிக்காக, ஓர் ஊரின் ஓராண்டு விளைச்சலைக் காக்கும் கரையைப் பழுதாக்கலாகாது. தை, மாசி மாதங்களே ஏற்ற காலம்; கண்மாயில் நீரும் இருக்கும், கரையும் இறுகியிருக்கும். அந்நாளிலும் நெருஞ்சி முள்ளும் கருவேல முள்ளும் காத்திருக்கும். ஒட்டுப்போடும் கருவிகளும் காற்றடிக்கும் குழலும் தண்ணீரும் தலைக்கவசமும் இன்றிப் புறப்படலாகாது. செல்லும் திசையை வீட்டில் சொல்லாமலும் புறப்படலாகாது.

நடந்தால்தான் பாதை

நான் வழக்கமாகச் சென்ற தடங்களுள் ஒன்று இப்போது இல்லை. இரு கண்மாய்களை இணைத்த அவ்வண்டிப்பாதையின் நடுவே கம்பிவேலி எழுந்தது. வேலிக்கு அப்பால் மனைகளுக்கான எல்லைக்கற்கள் நடப்பட்டன. அவ்வழியே மாடு ஓட்டிச் சென்ற பாட்டியொருவர் வேலியோரம் நின்று, “எங்க ஆத்தா காலத்துல இருந்து போன பாதை தம்பி” என்றார். இப்போது அவர் தார்ச்சாலை வழியே இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போகிறார். பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே அவருடைய மாடுகளும் போகின்றன. எனக்கு இழப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் களிப்பு. அவருக்கு இழப்பு நாள்தோறும்.

வேலியில்லாமலும் பாதைகள் மறைகின்றன. மேய்ச்சல் குறைந்த ஊர்களில் கால்படாத தடத்தை இரண்டு மழைக்காலங்களில் சீமைக்கருவேலம் மூடிவிடுகிறது. பாதை என்பது கல்லால் கட்டிய பொருளன்று. மீண்டும் மீண்டும் நடக்கும் செயலால் உயிர்வாழ்வது. நடப்போர் இருக்கும்வரை அது பாதை, இல்லாவிட்டால் முள்காடு.

இவற்றைக் காக்க ஒரு சான்று நம் கையிலேயே உள்ளது. வருவாய்த்துறையின் கிராம வரைபடங்களில் வண்டிப்பாதை, ஓடை, கண்மாய் ஆகியவை புறம்போக்கு நிலங்களாகத் தனி எண்ணுடன் குறிக்கப்பட்டிருக்கும். அவை எவருடைய தனியுடைமையும் அல்ல, ஊர்ப்பொது. தம் ஊரின் எந்தெந்தத் தடம் வரைபடத்தில் உள்ளது, அவற்றுள் எவை இன்றும் நிலத்தில் உள்ளன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே ஒரு பெரும்பணி. காணாமற்போனதைக் கேட்பதற்கு முதலில் அது இருந்தது என்பதை அறிந்திருக்க வேண்டும். கிராம சபையில் எழுந்து நின்று, “இந்தப் பாதை எங்கே?” என்று கேட்கும் குரலுக்கு, அதில் ஒருமுறையேனும் சென்றுவந்த கால்கள் வலிமை சேர்க்கும்.

பதினொன்றாம் வகுப்பில் பயிலும் உங்களுள் பலருக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. அதில் பற்சக்கர அடுக்குகளும் அதிர்வு தாங்கிகளும் இரா. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே ஓடுவதற்காக வந்த வண்டி அது. ஆயினும் ஒரு கண்மாய்க் கரையைச் சுற்றிவர அதுவே போதும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு அவர்கள் சென்றதும் இத்தகைய எளிய வண்டிகளில்தான். வண்டியின் விலை தடத்தின் எல்லையை வகுப்பதில்லை.

விடுமுறை நாளொன்றில் நண்பர் இருவர் மூவராகச் சேர்ந்து புறப்படுங்கள். உங்கள் ஊர்க் கண்மாயின் கலுங்கு எங்குள்ளது, அதிலிருந்து வழியும் நீர் எந்த ஊருக்குப் போகிறது என்று தொடர்ந்து செல்லுங்கள். எதிர்ப்படும் பெரியவர்களிடம் வண்டியை விட்டு இறங்கி நின்று வழி கேளுங்கள். கண்ட தடத்தை ஒரு தாளில் வரையுங்கள்; ஊரார் அதற்கு வழங்கும் பெயரையும், முள் எங்கே, பள்ளம் எங்கே என்பதையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்புக்கு வரும் மாணவர்க்கு அத்தாளைக் கொடுங்கள். கற்றவர் கல்லாதவர்க்கு வழி சொல்லும் பழைய ஆற்றுப்படை, அங்கே புதிதாக ஒருமுறை எழுதப்பட்டிருக்கும்.